நாற்பது லிட்டர்

மார்கழி இருபத்தேழு. விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
புதுவயலில் ஆறு கேன் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது
பனி முழங்கால் மட்டத்தில்தான் இருந்தது.
கண்மாய்க்கரை ஏறியதும்
கண்ணாடிக்கு வெளியே எதுவுமே இல்லை.

பெரிய லைட்டைப் போட்டேன்.
என் வெளிச்சமே திரும்பி வந்து என் முகத்தில் அடித்தது.
தாழ்த்தினேன். ஜன்னலை இறக்கினேன்.
ஓரத்து வெள்ளைக்கோட்டை மட்டும்
ஊசியில் நூல் கோக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு
இரண்டாவது கியரில் ஊர்ந்தேன்.

முந்தி அறுத்தவர்கள் யாரோ
பகலில் ரோட்டில் விரித்த வைக்கோல்
ராத்திரியெல்லாம் பனியில் ஊறிக் கிடந்திருக்கிறது.
வண்டி அதில் ஏறியதும் தெரிந்துவிட்டது:
ஸ்டியரிங் என் கையில் இருக்கிறது,
சக்கரம் இல்லை.

கால் பிரேக்கைப் பார்த்துப் பாய்ந்தது.
'ஏய், இரு' என்று
என் காலையே அதட்டினேன்.
மிதித்தால் சுழலும். சுழன்றால் கண்மாய்.
ஆக்சிலேட்டரை விட்டேன்.
வால் எந்தப் பக்கம் ஒதுங்கியதோ
அந்தப் பக்கமே மூக்கைக் கொடுத்தேன்.
பின்னால் கேன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன.
எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
ஒரு தும்மல் வந்து போகிற நேரம்.

நின்றபோது
கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டிராக்டர் டிரெய்லர்,
பின்விளக்கு இல்லாமல்.
ஆளைக் காணோம். டீசலுக்குப் போயிருப்பான்.
போகுமுன் வேப்பங்கொப்பு ஒன்றை ஒடித்து
ரோட்டில் போட்டிருக்கிறான், பாவம்.
அதன் மேல்தான் என் முன்சக்கரம் நின்றது.

டிரெய்லருக்கு அடியில் ஒரு பைக்,
ஹெட்லைட் இன்னும் எரிந்துகொண்டு.
பக்கத்தில் ஒரு பையன்.

பெயர் கேட்டேன். அடைக்கலம் என்றான்.
'அக்கா, செட்டிநாடு ஸ்டேசன்ல ரயிலப் பிடிக்கணும்' என்றான்.
இடது கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது.
ஹெல்மெட்டைக் கழற்றப் போனான், கையைப் பிடித்துக்கொண்டேன்.
தண்ணீர் கேட்டான்.
இருநூற்று நாற்பது லிட்டர் பால் இருந்தது வண்டியில்.
ஒரு சொட்டு கொடுக்கவில்லை.

நூற்றியெட்டில் ஒரு பெண். எந்த இடம் என்றாள்.
கண்மாய்க்கரை, ரெண்டாவது மடை என்றேன்.
மடைன்னா என்ன மேடம் என்றாள்.
ஓடிப்போய் கிலோமீட்டர் கல்லை விரலால் தடவி
எண்ணைச் சொன்னேன்.

அப்புறம்தான் நினைவு வந்தது
ஐந்தேகால் பஸ்.

நாலு பக்கமும் இண்டிகேட்டர் மின்னத்தான் செய்தது.
பத்தடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தேன்,
கரைந்து போயிருந்தது.
வெளிச்சம் போகாது. சத்தம் போகும்.
ஹாரனை அமுக்கினேன், ஏற்கெனவே தொண்டை கட்டியது அது.
கேனைத் தட்டினேன். நிறைகேன், 'தொத்' என்றது.

கவிழ்த்தேன்.
நாற்பது லிட்டர்.
வெள்ளைக்குள் வெள்ளை ஓடியது கண்ணுக்குத் தெரியவில்லை.
செருப்புக்குள் கால் மட்டும்
கறந்த சூட்டில் நனைந்தது.

காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு
வந்த வழியே ஓடி ஓடி
ஸ்பானரால் அடித்தேன்.
கண்மாயில் நாமக்கோழிகள் எழுந்து பறந்ததைக்
காதால் பார்த்தேன்.
அடித்தேன்.
எங்கேயோ இஞ்சின் முனகியது.
மஞ்சளாய் இரண்டு கறை.
அடித்தேன்.
கியர் இறங்கும் சத்தத்தை
அன்றைக்குத்தான் அவ்வளவு இனிமையாகக் கேட்டேன்.

அடைக்கலத்துக்குக் கால் தேறிவிடும் என்றார்கள்.
ரயில் சரியான நேரத்துக்கு வந்து போயிருக்கிறது.
முதலாளி நோட்டில் 'சிந்தியது 40' என்று எழுதி
என் கணக்கில் பாதியைப் பிடித்தார்.
நசுங்கிய கேனைப் பண்ணையில் வாங்கவில்லை.
சீட்டுக்குப் பின்னாலேயே கிடக்கட்டும், தை முடியும் வரைக்கும்.

எட்டரைக்குத் திரும்பி வரும்போது நல்ல வெயில்.
கண்மாய் ஒன்றும் தெரியாத மாதிரி மினுங்கியது.
ரோட்டில் ஒருத்தி வைக்கோலைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
திட்டுவதற்கென்றே நிறுத்தி இறங்கினேன்.

'விடியக்கால ஏதோ கோயில் மணி
விடாம அடிச்சுச்சே, எந்த ஊருன்னு தெரியுமா தாயி?' என்றாள்.

முதல்ல இத ஓரமா அள்ளு என்றேன்.